ராணுவத்தில் கிளார்க், சமையல்காரர், மெக்கானிக்காகச் சேர்கிறவர்களுக்கு: களப்பயிற்சியும் படிகளும்

கிளார்க் வேலைதான், எல்லைக்கெல்லாம் அனுப்பமாட்டார்கள் என்று வீட்டில் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொண்டு ராணுவத்துக்கு வரும் இளைஞர்கள் நிறையப் பேர். சமையல், சலவை, முடிதிருத்தம், தையல், வண்டி பழுதுபார்ப்பு, பண்டகசாலை என்று எந்த வேலைக்குத் தேர்வானாலும் சேரும் நாளில் நீங்கள் முதலில் சிப்பாய். துப்பாக்கி சுடுவீர்கள், முதுகில் சுமையோடு ஐந்து கிலோமீட்டர் ஓடுவீர்கள், இரவில் காவல் நிற்பீர்கள். உங்கள் படைப்பிரிவு லடாக்குக்குப் போனால் நீங்களும் போவீர்கள். படைப்பிரிவு அலுவலகத்தில் சம்பளக் கோப்புகளோடு நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதைத் தெரிந்துகொண்டு வருகிறவன் நிம்மதியாக இருக்கிறான். தெரியாமல் வருகிறவன் முதல் ஆண்டு முழுவதும் ஏமாற்றப்பட்டதாக நினைத்து வாடுகிறான். அதனால்தான் இந்த விவரங்களை ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

முதல் கட்டம்: எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள்?

2022 ஜூன் மாதம் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு, சிப்பாய் நிலையில் பெரும்பாலான சேர்க்கை நான்கு ஆண்டு அக்னிவீரர் சேர்க்கைதான். துணைப் பணிகளில் அதற்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் மொத்தம் 60 விழுக்காடும் ஒவ்வொரு பாடத்திலும் 50 விழுக்காடும் எடுத்தவர்கள் கிளார்க் மற்றும் ஸ்டோர் கீப்பர் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்களுக்கும், பத்தாம் வகுப்புடன் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமா முடித்தவர்களுக்கும் டெக்னிக்கல் பிரிவு. மூன்றாவது டிரேட்ஸ்மேன். சமையல்காரர், சலவையாளர், தையல்காரர், முடிதிருத்துநர், தச்சு மற்றும் உலோக வேலை செய்கிறவர் எல்லோரும் இதில் வருவார்கள். இதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஹவுஸ் கீப்பர், மெஸ் கீப்பர் ஆகிய இரண்டுக்கும் எட்டாம் வகுப்பே போதும்.

நர்சிங் அசிஸ்டன்ட்டும், மருந்தகப் பணிக்கான சிப்பாய் பார்மாவும் இதில் சேராதவை. அவை இன்னும் வழக்கமான சேர்க்கைதான். அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாயில் தொடங்கும், ராணுவச் சேவை ஊதியமாக 5,200 ரூபாயும் அகவிலைப்படியும் கிடைக்கும், நீண்ட காலப் பணியும் உண்டு. உயிரியல் படித்த பையன்கள் இந்த வாசல் இருப்பதையே கவனிக்காமல் வேறு பிரிவில் விண்ணப்பித்துவிடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருந்தால் முதலில் நர்சிங் அசிஸ்டன்ட் அறிவிப்பைத் தேடிப் பாருங்கள்.

விண்ணப்பம் ராணுவத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டும்தான். கட்டணம் 250 ரூபாய். தரகர் யாருக்கும் ஒரு பைசா கொடுக்காதீர்கள். முதலில் கணினி வழிப் பொதுத் தேர்வு, அதில் தேறினால் ஆள்சேர்ப்பு முகாம். 2025 முதல் அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். கிளார்க் பிரிவுக்குத் தட்டச்சுத் தேர்வும் உண்டு. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகங்கள் மாவட்டங்களைப் பிரித்துக்கொண்டு முகாம் நடத்துகின்றன. உங்கள் மாவட்டம் எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்பதையும், வயது வரம்பையும் அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய அறிவிப்பை நம்பிக் கெட்டவர்கள் உண்டு.

உயரம் தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு டிரேட்ஸ்மேன் பிரிவில் 166 சென்டிமீட்டர், டெக்னிக்கலில் 165, கிளார்க் பிரிவில் 162. ஓட்டம் 1.6 கிலோமீட்டர். ஐந்து நிமிடம் 30 விநாடிக்குள் முடிப்பவர்கள் முதல் குழு. கிளார்க் பிரிவில் உடல்தகுதித் தேர்வில் தேறினால் போதும், அதற்கு மதிப்பெண் இல்லை. இதைக் கேட்டு ஓட்டப் பயிற்சியை விட்டுவிடுகிறவர்கள் பயிற்சி மையத்தில் படும் பாட்டை அடுத்துச் சொல்கிறேன்.

சான்றிதழ்களை முகாமுக்கு முந்தின இரவு தேடாதீர்கள். மதிப்பெண் பட்டியல், இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, பள்ளி நன்னடத்தைச் சான்று, ஊர் நன்னடத்தைச் சான்று, மணமாகாதவர் என்பதற்கான சான்று எல்லாவற்றிலும் உங்கள் பெயரும் அப்பாவின் பெயரும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். நம் ஊர் வழக்கப்படி ஓரிடத்தில் இனிஷியல் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால், வேறொன்றில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவைப்பார்கள். ஆதார், வங்கிக் கணக்கு, பான் அட்டை மூன்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகும்படி இப்போதே திருத்தி வையுங்கள். பின்னால் சம்பளம் நின்றுபோகும் காரணங்களில் இதுவும் ஒன்று.

இரண்டாம் கட்டம்: பயிற்சி மையம்

எந்தப் படைப்பிரிவுக்கு ஒதுக்குகிறார்களோ அதன் மையத்துக்குத்தான் போவீர்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூர் அருகே வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையும் ராணுவ வழங்கல் படையும் பெங்களூரில். ஆயுத மற்றும் தளவாடப் படை செகந்திராபாத்தில். வண்டி, கருவி பழுதுபார்க்கும் ஈ.எம்.இ. படைக்கு செகந்திராபாத்திலும் போபாலிலும் மையங்கள் உண்டு. மருத்துவப் படைக்கு லக்னோ. ஒரு காலாட்படை ரெஜிமென்டுக்கு ஒதுக்கப்படும் சமையல்காரர் அந்த ரெஜிமென்டின் சிப்பாயாகவே இருப்பார். அதன் தொப்பி, அதன் முழக்கம், அதன் போக்குவரத்து எல்லாம் அவருக்கும் உரியவை.

பயிற்சி இரண்டு பகுதி. அடிப்படை ராணுவப் பயிற்சி எல்லோருக்கும் பொது. அணிவகுப்பு, துப்பாக்கியைப் பிரித்துச் சேர்ப்பது, சுடுவது, பதுங்குகுழி தோண்டுவது, வரைபடம் பார்ப்பது, முதலுதவி. அதற்குப் பிறகுதான் தொழிற்பயிற்சி. பல மையங்களில் அக்னிவீரர் பயிற்சி மொத்தம் 31 வாரங்கள், அதில் முதல் 10 வாரங்கள் அடிப்படைப் பயிற்சி. தொழிலைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும்.

இங்கேதான் கிளார்க் பையன்கள் திணறுகிறார்கள். மையத்தில் இரண்டு உடல்திறன் தேர்வுகள். பி.பி.டி. என்பதில் 2.4 கிலோமீட்டர் ஓட்டமும் சின்-அப், சிட்-அப் போன்றவையும் இருக்கும். பி.பி.இ.டி. என்பது போர்க்கோலத்தில் செய்வது. துப்பாக்கியும் பையுமாக ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும், கயிற்றில் ஏற வேண்டும், கிடைக்கயிற்றில் தொங்கிப் போக வேண்டும், ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். பயிற்சி முடிந்த பிறகும் இந்தத் தேர்வுகள் பணிக்காலம் முழுவதும் தொடரும். ஆண்டுதோறும் நடக்கும் துப்பாக்கிச்சுடும் தேர்வும் அப்படியே. நான்காம் ஆண்டின் இறுதியில் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறவர்கள் அதிகபட்சம் 25 விழுக்காடு. அந்தத் தேர்வில் நான்கு ஆண்டுகளின் செயல்பாடு முழுவதும் கணக்கில் வரும். நன்றாகச் சமைக்கிறேன், ஓட்டம் மட்டும்தான் வராது என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

அதனால் வீட்டில் இருக்கும்போதே வாரத்தில் இரண்டு நாளாவது பூட்ஸ் போட்டுக்கொண்டு, முதுகில் பையோடு நடந்து பழகுங்கள். கேன்வாஸ் ஷூவில் மட்டும் ஓடிப் பழகியவர்களுக்கு முதல் மாதத்திலேயே குதிகாலில் கொப்புளம் வரும், முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி வரும். அந்த வலியை மறைத்து ஓடினால் எலும்பில் கீறல் விழுந்து மருத்துவமனையில் படுக்க வேண்டியதுதான். பிறகு உங்களோடு சேர்ந்த பேட்சை விட்டுப் பின்தங்கி அடுத்த பேட்சோடு சேர்வீர்கள். வலி வந்தால் பயிற்றுநரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. வெலிங்டனிலும் மெட்ராஸ் சாப்பர்ஸிலும் தமிழ் பேசுகிறவர்கள் சுற்றிலும் இருப்பார்கள். மற்ற மையங்களில் கட்டளையும் பாடமும் இந்தியில்தான். எண்கள், திசைகள், உடல் உறுப்புகள், கருவிப் பெயர்கள் என்று இருநூறு சொற்களை முன்கூட்டியே பழகிக்கொண்டால் முதல் மாதத்துத் தண்டனைகளில் பாதி குறையும்.

மூன்றாம் கட்டம்: களம் என்றால் என்ன?

ராணுவத்தில் பணியிடம் இரண்டு வகை. பீஸ் என்பது அமைதிப் பகுதி, ஃபீல்டு என்பது களப்பகுதி. படைப்பிரிவு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொண்டே இருக்கும். அமைதிப் பகுதியில் இருக்கும்போதும் பயிற்சிக் களத்துக்குப் போக வேண்டும். ராஜஸ்தானின் மகாஜன் போன்ற சுடுதளங்களுக்குப் படைப்பிரிவு கூடாரங்களோடு கிளம்பும்போது லங்கர் எனப்படும் சமையற்கூடமும் பழுதுபார்க்கும் வண்டியும் கூடவே போகும்.

அங்கே ஒரு சமையல்காரரின் நாளைப் பாருங்கள். இருட்டிய பிறகு அடுப்பு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது. ஆகவே பொழுது சாய்வதற்குள் பூரியும் உலர்ந்த காய்க்கறியும் செய்து பொட்டலம் கட்டிவிட வேண்டும். படை நகரும் உத்தரவு வந்தால் அடுப்பு ஆறும்வரை காத்திருக்க முடியாது. பாத்திரங்களை வண்டியில் ஏற்றிய கையோடு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் நிற்பார். நள்ளிரவில் காவல் முறை வந்தால் எழுந்து போய் இரண்டு மணி நேரம் நிற்பார். விடிவதற்குள் தேநீர் தயாராக இருக்க வேண்டும். இதெல்லாம் தண்டனை இல்லை. வழங்கல் வண்டியும் சமையற்கூடமும்தான் எதிரி முதலில் தேடும் இலக்குகள். அவற்றைக் காப்பது அவற்றில் வேலை செய்கிறவர்களின் பொறுப்பு.

கிளார்க்குக்கும் அங்கே கூடாரம்தான் அலுவலகம். காயம்பட்டவரைக் கையாளும் போர்க்கள முதலுதவிப் பயிற்சியை மருத்துவப் பிரிவைச் சேராதவர்களுக்கும் தருகிறார்கள். வாய்ப்பு வந்தால் விடாதீர்கள்.

உயரமான பகுதிக்குப் போகிறவர்கள் உடலைப் பழக்கும் நாட்களை ஏமாற்றவே கூடாது. சுமார் 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரையான உயரத்தில் முதல் கட்டமாக ஆறு நாள். 12,000 முதல் 15,000 அடி வரை மேலும் நான்கு நாள். அதற்கு மேலே போக இன்னும் நான்கு நாள். முதல் இரண்டு நாள் ஓய்வு மட்டும், கழிவறைக்கும் உணவுக்கூடத்துக்கும் நடந்தால் போதும். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சமதளத்தில் மெதுவான நடை. ஐந்தாம், ஆறாம் நாட்களில் ஐந்து கிலோமீட்டர் வரை நடையும் கொஞ்சம் ஏற்றமும். லடாக்கின் லே நகரில் விமானத்திலிருந்து இறங்கியதும் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று பெட்டி தூக்கி உதவப் போகும் இளைஞன்தான் இரண்டாம் நாள் நுரையீரலில் நீர் கோத்துப் படுப்பான். தலைவலி, வறட்டு இருமல், படுத்தால் மூச்சு முட்டுவது, நடக்கும்போது தள்ளாட்டம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நர்சிங் அசிஸ்டன்ட்டை உடனே எழுப்புங்கள், காலைவரை பொறுக்காதீர்கள். சமையல்காரர்களுக்கு இன்னொன்று: அந்த உயரத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். பருப்பும் அரிசியும் திறந்த பாத்திரத்தில் வேகாது, பிரஷர் குக்கர் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

நான்காம் கட்டம்: கையில் என்ன வரும்?

அக்னிவீரரின் மாதச் சம்பளத் தொகுப்பு முதல் ஆண்டு 30,000 ரூபாய், இரண்டாம் ஆண்டு 33,000, மூன்றாம் ஆண்டு 36,500, நான்காம் ஆண்டு 40,000. இதில் 30 விழுக்காடு, பணி முடிந்து வெளியே வரும்போது கிடைக்கும் சேவா நிதிக்குப் பிடிக்கப்படும். ஆகவே முதல் ஆண்டு கைக்கு வருவது 21,000, நான்காம் ஆண்டு 28,000. பிடித்தம் நான்கு ஆண்டில் சுமார் 5.02 லட்சம் சேரும், அரசும் அதே அளவு போடும். வட்டியோடு சேர்த்து வெளியே வரும்போது ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய், வருமான வரி இல்லாமல். ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லை. அகவிலைப்படியும் ராணுவச் சேவை ஊதியமும் இந்த நான்கு ஆண்டில் இல்லை. 48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு உண்டு, அதற்கு உங்கள் சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு.

இந்தத் தொகுப்புக்கு மேலே வருவதுதான் இடர் மற்றும் இன்னல் படி. வழக்கமான சிப்பாய்க்கு எந்த இடத்தில் எந்தப் படி உண்டோ அது அக்னிவீரருக்கும் உண்டு. நீங்கள் சமையல்காரரா, துப்பாக்கி வீரரா என்பதைப் பார்த்து இந்தப் படி தீர்மானிக்கப்படுவதில்லை. நீங்கள் நிற்கும் மண் எந்த வகை என்று அரசு அறிவித்திருக்கிறதோ அதைப் பார்த்துத்தான். களப்பகுதி, அதில் இன்னல் சற்றுக் குறைந்த வகை, மிகத் தீவிரமான வகை என்று பிரித்திருக்கிறார்கள். தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கைக்குத் தனி, உயரமான பகுதிக்குத் தனி, சியாச்சினுக்குத் தனி.

ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 2017-ல் அரசு அறிவித்த தொகைகள் இவை. களப்பகுதிப் படிகளும் தீவிரவாத எதிர்ப்புப் படியும் மாதம் 6,000 முதல் 16,900 ரூபாய் வரை. உயரப்பகுதிப் படி 2,700 முதல் 25,000 வரை. சியாச்சினில் ஜவான்களுக்கும், ஜவான்களுக்கும் அதிகாரிகளுக்கும் இடைப்பட்ட நிலையினரான ஜே.சி.ஓ.க்களுக்கும் 30,000, அதிகாரிகளுக்கு 42,500. ஊதிய நிலை எட்டு வரை ஒரு வீதம், ஒன்பதும் அதற்கு மேலும் இன்னொரு வீதம். சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை எல்லோரும் குறைந்த வீதத்தில்தான் வருகிறார்கள். ஆகவே செய்தித்தாளில் வரும் பெரிய எண்ணைப் பார்த்து வீட்டுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அகவிலைப்படி 50 விழுக்காடு உயரும்போதெல்லாம் இந்தத் தொகைகள் 25 விழுக்காடு உயரும் என்பது குழுவின் ஏற்பாடு. அதனால் நீங்கள் சேரும் ஆண்டின் வீதத்தைப் படைப்பிரிவு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயிற்சி மையத்தில் இருக்கும் மாதங்களில் கைக்கு 21,000 மட்டுமே. படைப்பிரிவு 6,000 ரூபாய் வகைக் களப்பகுதியில் இருந்து, முதல் ஆண்டு முடிவதற்குள் நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்தால் 27,000 ஆகும். சேவா நிதிப் பிடித்தம் மாதத் தொகுப்பில் மட்டும்தான், இந்தப் படியில் கை வைக்கமாட்டார்கள். படைப்பிரிவு அமைதிப் பகுதிக்குத் திரும்பிய நாளிலிருந்து படி நின்றுவிடும். அதனால்தான் களப்பகுதிப் பணத்தை நம்பித் தவணையில் பைக் வாங்காதீர்கள் என்று ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன். மேலும், ஒரே இடத்துக்குக் களப்பகுதிப் படியும் தீவிரவாத எதிர்ப்புப் படியும் சேர்ந்து வராது, இரண்டில் ஒன்றுதான்.

ஐந்தாம் கட்டம்: காகிதம் நகர்ந்தால்தான் பணம் நகரும்

இதை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள். நீங்கள் களப்பகுதிக்கு வந்துவிட்டீர்கள் என்பது சம்பளக் கணக்கு அலுவலகத்துக்குத் தானாகத் தெரியாது. உங்கள் படைப்பிரிவு பார்ட் டூ ஆர்டர் என்ற ஆணையை வெளியிட வேண்டும். எந்த எண்ணுள்ள சிப்பாய், எந்தத் தேதியில், எந்த வகைப் பகுதிக்கு வந்தார் என்று அதில் இருக்கும். அது கணக்கு அலுவலகத்தில் பதிவானால்தான் படி வரும். வந்து சேர்வது, விடுப்பு, மருத்துவமனை, பயிற்சி வகுப்பு, வேறிடத்துக்கு இணைப்புப் பணி எல்லாமே இந்த ஆணை வழியாகத்தான் உங்கள் கணக்கில் ஏறும்.

துணைப் பணியாளர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. துப்பாக்கிக் கம்பெனி மொத்தமாக நகரும்போது ஒரே ஆணையில் நூறு பேர் போய்விடுவார்கள், யாரும் விடுபடமாட்டார்கள். ஆனால் ஒரு சமையல்காரரையோ மெக்கானிக்கையோ தனி ஆளாக ஒரு முன்னணிச் சாவடிக்கு அனுப்புவார்கள். தனி ஆளின் ஆணைதான் மறந்துபோகும். மூன்று மாதம் மலை மேல் ரொட்டி சுட்டுப்போட்டுவிட்டு இறங்கிய பையன், ஒரு பைசாகூடப் படி வராமல் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறான். நிலுவை வந்தது, ஆனால் பல மாதம் கழித்து.

ஆகவே மூன்று பழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு நோட்டில் எந்தத் தேதியில் எங்கிருந்து கிளம்பினீர்கள், எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தீர்கள் என்று எழுதுங்கள். இடத்தின் பெயரை எழுதாமல், சேர்ந்தது, கிளம்பியது என்று தேதி மட்டும் போதும். கம்பெனி கிளார்க்கிடம் போய் உங்கள் பார்ட் டூ ஆர்டர் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அதைக் கேட்பது உங்கள் உரிமை. மாதச் சம்பளச் சீட்டில் வரவுப் பக்கத்தை வரி வரியாகப் பாருங்கள்.

அதிகமாக வந்தாலும் கவனம் தேவை. களப்பகுதியிலிருந்து இறங்கியபிறகும் படி தொடர்ந்து வந்தால் அது உங்கள் பணமல்ல. ரெகவரி என்ற பெயரில் பின்னொரு மாதம் மொத்தமாகப் பிடிப்பார்கள், அந்த மாதம் வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் இருக்காது. சந்தேகப்படும் தொகையைச் செலவு செய்யாமல் தனியே வைத்துவிட்டு அலுவலகத்தில் சொல்லுங்கள்.

குறை இருந்தால் கம்பெனி கிளார்க், அதன் பிறகு சீனியர் ஜே.சி.ஓ., அதன் பிறகு கம்பெனி கமாண்டர் என்ற வரிசையில் போங்கள். சமூக ஊடகத்தில் சம்பளச் சீட்டைப் படம்பிடித்துப் போடாதீர்கள். அதில் உங்கள் எண்ணும் படைப்பிரிவும் இருக்கும். அதைப் போட்டால் நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவீர்கள், கேட்க வந்த நியாயமான பணம் பின்னுக்குப் போய்விடும்.

வீட்டாருக்குச் சொல்லிவிட்டு வர வேண்டியவை

களப்பகுதியில் இருக்கும்போது உங்கள் முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது. உங்கள் எண், பதவி, பெயர், படைப்பிரிவு, கடைசியில் ராணுவ அஞ்சலகத்தைக் குறிக்கும் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்று முடியும். கடிதமும் பார்சலும் அந்த முகவரிக்கே வந்துவிடும். எங்கே இருக்கிறாய் என்று போனில் கேட்காதீர்கள் என்று அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். நெட்வொர்க் இல்லாமல் பல நாள் போகும் என்பதையும் சொல்லுங்கள்.

வாரிசு நியமனப் படிவத்தை மையத்திலேயே நிரப்பச் சொல்வார்கள். பத்தொன்பது வயதில் அதை யாரும் படித்துப் பார்ப்பதில்லை. அம்மா பெயரா, அப்பா பெயரா, பங்கு எவ்வளவு, பெயரின் எழுத்துக்கூட்டல் அவர்களுடைய ஆதாரில் உள்ளதுபோல இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். 48 லட்சம் ரூபாய்க் காப்பீடும் சேவா நிதியும் அந்த ஒரு தாளைப் பார்த்துத்தான் போய்ச் சேரும். அதன் நகல் ஒன்று வீட்டில், பத்திரங்கள் வைக்கும் பெட்டியில் இருக்கட்டும்.